பாயோடு வந்த தாய்மாரும் வேலிக்கு அப்பால் இருந்த பிள்ளைகளும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், 1960ஆம் ஆண்டு ஆறாம் வகுப்பு மாணவியர் சார்பில் ஆற்றிய உரை)



எங்களைப் பேச அழைத்தபோது, "பாடசாலையைக் காப்பாற்றின கதையைச் சொல்லுங்கோ" என்றுதான் செயலாளர் கேட்டார். அது பவளவிழா மலரிலும் வந்த கதை. ஆனால் அதிலே வந்தது பாதிதான்.

1960 நவம்பரில் சட்டம் நிறைவேறியது. டிசம்பர் முதலாந் திகதி தொடக்கம் நாடெங்கும் 2,000க்கும் மேற்பட்ட உதவி நன்கொடை பெறும் பாடசாலைகள் அரசாங்கத்தின் முகாமைக்குள் போயின. முதலாம், இரண்டாம் தரப் பாடசாலைகளுக்கு மட்டும் ஒரு வழி இருந்தது: அரசின் பணமும் வேண்டாம், பிள்ளைகளிடம் கட்டணமும் வாங்கமாட்டோம் என்றால் தனித்து நிற்கலாம். கொழும்பிலும் மேற்குக் கரையோரக் கத்தோலிக்க ஊர்களிலும் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து இரவு பகலாகத் தங்கினார்கள். அந்தச் செய்தி வந்ததும் எங்கள் தாய்மாரும் பாயும் புட்டுப் பெட்டியுமாக வந்து சேர்ந்தார்கள். மார்கழி மழை. மேசைகளை ஒன்றாக அடுக்கி எங்களைப் படுக்க வைத்தார்கள். பயம் பெரியவர்களுக்கு, எங்களுக்குத் திருவிழா. பிறகு பம்பாயிலிருந்து கர்தினால் கிராசியஸ் வந்து பேசினார், பெற்றோர் வீடு திரும்பினார்கள், நம் பாடசாலை தனித்து நிற்பதென்று முடிவாயிற்று.

அதற்குப் பின்பு வந்த வருடங்கள்தான் கடினமானவை. ரீச்சர்மார் பாதிச் சம்பளத்துக்குப் படிப்பித்தார்கள். ஞாயிறுதோறும் பிடியரிசி சேர்த்தோம். சிஸ்டர்மார் இரவிரவாகத் தைத்த சட்டைகளைக் கார்னிவலில் விற்றோம். அரசு மீண்டும் ஆசிரியர் சம்பளத்தை ஏற்றது பல ஆண்டுகள் கழித்துத்தான்.

இனி மற்றப் பாதி. இன்று விளையாட்டு மைதானம் இருக்கும் பக்கத்தில் அப்போது ஒரு கிளுவை வேலி. வேலிக்கு அப்பால் இதே முகாமையாளரின் கீழ் ஒரு சிறிய கலவன் பாடசாலை, ஐந்தாம் வகுப்பு மட்டும். கடற்றொழில் செய்வோரின், சீவல் தொழில் செய்வோரின் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். கெட்டிக்காரப் பெண்பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு வேலிப் பொட்டால் இங்கே வருவார்கள். 1960 டிசம்பரில் அவர்களுடைய தாய்மாரும் எங்கள் முற்றத்தில்தான் அடுப்பு மூட்டினார்கள். ஆனால் அது மூன்றாந் தரப் பாடசாலை. தனித்து நிற்கும் வழி அதற்கு இல்லை. அரசு அதை எடுத்தது. அங்கே பாய் விரித்துக் காவல் இருக்க எங்கள் வீட்டார் எவரும் போகவில்லை.

கட்டணம் வாங்கக்கூடாது என்றது சட்டம். நாங்கள் வாங்கியது நன்கொடை. விரும்பினால் கொடுக்கலாம் என்று துண்டில் எழுதியிருக்கும். கொடாதவர்களின் முகம் எப்படி இருந்தது என்பது எங்களுக்கு நினைவிருக்கிறது. எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை அடுத்த தவணைக்கு வரவில்லை. அதற்கடுத்த வருடம் பொட்டால் ஒருவரும் வரவில்லை. பிறகு பொட்டையும் ஓலை வைத்து அடைத்துவிட்டார்கள்.

அந்தப் பிள்ளை அரசாங்கப் பாடசாலையிலே படித்து, ஆசிரியையாகி, அதிபராகி ஓய்வுபெற்றிருக்கிறார். இந்த உரைக்காக அவரைத் தேடிப் போனோம். தேநீர் தந்துவிட்டுச் சொன்னார்: "கவுண்மேந்து எடுத்திராட்டில் எனக்குப் பள்ளிக்கூடமே இல்லை. உங்கட அம்மாமாரும் எங்கட அம்மாவும் ஒண்டாத்தான் புட்டவிச்சவை. பிறகு உங்கட ஆக்கள் ஒருத்தரும் வேலிக்கு இங்கால வரேல்லை." கோபத்தோடு சொல்லவில்லை. அதுதான் எங்களுக்குக் கூடக் கனத்தது.

எங்கள் தாய்மார் பிழை செய்தார்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 1956இல் சிங்களம் மட்டும் சட்டத்தைக் கண்டவர்கள், பாடசாலையையும் அதே அரசின் கையில் கொடுக்க அஞ்சியது நியாயம். 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கியபோது அங்கே போய் இருந்ததும் அவர்கள்தான். ஆனால் மறுபக்கத்திலும் நியாயம் இருந்தது. சம்பளம் பொதுப் பணத்தில். நியமனமோ முகாமையாளர் கையில், அதுவும் சமயம் பார்த்து. வேலைக்காகச் சமயம் மாறியவர்கள் எங்கள் ஊரிலேயே இருந்தார்கள். அதை அப்போது எங்கள் வீடுகளில் எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சங்க யாப்பின்படி சாதாரண தரம் வரை இங்கே கற்றவர்களுக்கே அங்கத்துவம். வேலிக்கு அப்பால் படித்தவர்களையும் 1961இல் இடையில் விலகியவர்களையும் சேர்ப்பதற்கு ஒரு திருத்தம் எழுதியிருக்கிறோம். வருகிற பொதுக்கூட்டத்தில் முன்வைக்கப் போகிறோம். எங்கள் வகுப்பில் உயிரோடு இருக்கும் எல்லோரும் கையெழுத்து வைத்துவிட்டோம். தாள் பின்பக்கத்து மேசையில் இருக்கிறது. கையெழுத்தை வைத்துவிட்டுத் தேநீர் குடியுங்கோ.