நம் பிள்ளைகள் வாய்விட்டுப் பாடட்டும்
(டோல்கேட்டில் நிகழ்த்திய பேச்சு)



"பாட்டு சோறு போடுமா?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். ஷிப்டு முடிந்து களைத்து வருகிறவர் கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்லவே வந்திருக்கிறோம்.

இதோ, வடக்கே கூப்பிடு தூரத்தில் திருவொற்றியூர். தியாகராஜ சுவாமிகள் அங்கே வந்து திரிபுரசுந்தரி மீது ஐந்து கீர்த்தனைகள் பாடினார். அப்பேர்ப்பட்ட மண்ணில் குடியிருக்கும் நம் பிள்ளைகள், "சங்கீதமா, அது நமக்கில்லை" என்று ஒதுங்குகிறார்கள். ஒதுக்கி வைத்தது யார்? காசும் சாதியும்தான்.

இந்த வேலியைப் பிடுங்கப் பார்த்தவர் எம்.பி.சீனிவாசன். மாணவர் இயக்கத்தில் வளர்ந்தவர், சினிமாவில் இசையமைத்தவர், அங்கே சங்கம் கட்டவும் பாடுபட்டவர். 1971ல் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். 1988ல் லட்சத்தீவில் காலமானார். பாரதி பாட்டைப் பல குரல்களாகப் பிரித்துப் பாட வைத்தார்.

சேர்ந்திசை என்றால் என்ன? ஒரு வரிசை மேல் ஸ்தாயியில் பாடும், இன்னொரு வரிசை கீழே பாடும். பக்கத்துக் குரலுக்குக் காது கொடுக்க வேண்டும். தன் வரியையும் விட்டுவிடக் கூடாது. ஒரு பிள்ளை தவறினால் பக்கத்தில் நிற்கிற பிள்ளை தாங்கிக்கொள்ளும். அவமானம் இல்லை. அங்கேதான் கூச்சம் உடைகிறது.

வெனிசுவேலாவில் 1975ல் அப்ரேயு என்பவர் 11 பிள்ளைகளோடு ஒரு கார் கொட்டகையில் வாத்தியப் பயிற்சி தொடங்கினார். பின்னால் ஏழைப் பிள்ளைகள் லட்சக்கணக்கில் அதில் சேர்ந்தார்கள்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? நம் தெருவிலேயே மாலை வேளையில் பிள்ளைகளைக் கூட்டிப் பாட வைத்தோம். கன்டெய்னர் லாரிகளின் ஹாரன் சத்தத்துக்கு நடுவேதான். வாயைக் கையால் மூடிக்கொண்டே பேசும் சிறுமி ஒருத்தி இருந்தாள். முதல் மாதம் உதடு மட்டும் அசைந்தது. மூன்றாம் மாதம் முன்வரிசைக்கு வந்தாள். போன வாரம் கடையில், "எடை குறைகிறது, மறுபடி போடுங்கள்" என்று சத்தமாகவே சொல்லியிருக்கிறாள். அவள் அம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

பாட்டுக் கற்றால் கணக்குப் பாடத்தில் மார்க் கூடும் என்று சிலர் சொல்கிறார்கள். அந்த வாக்குறுதியை நாங்கள் தரவில்லை. குரல் வரும், அதைத்தான் கண்ணால் பார்த்தோம்.

இப்போது ஒரு ஹார்மோனியம் தேவை. யார் வீட்டுப் பரணிலாவது சும்மா கிடந்தால், ஓட்டை உடைசலானாலும் பரவாயில்லை, ஞாயிறு மாலை எடுத்து வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.