கேஷும் காசும்

(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நான் ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்த வியாபாரி, மொழியறிஞன் அல்லன். ஆகவே என் கடையில் தினமும் காதில் விழும் ஒரு சொல்லைப் பற்றியே பேசுகிறேன்: 'கேஷ்'.

"ஆங்கிலக் கேஷ் நம் தமிழ்க் காசுதான்" என்று நம்மில் பலர் பெருமையாகச் சொல்வதுண்டு. அது பாதிதான் சரி. நிறுத்துக் கொடுப்பது நம் தொழில். இதையும் சரியாக நிறுத்துப் பார்ப்போம்.

ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் உண்டு. ரொக்கத்தைக் குறிப்பது ஐரோப்பாவில் பிறந்தது. லத்தீனில் 'காப்சா' என்றால் பெட்டி. அதுவே இத்தாலியத்தில் 'காஸ்ஸா' ஆகி, ஆங்கிலத்துக்கு வந்து, முதலில் பணப்பெட்டியையும் பிறகு உள்ளிருக்கும் பணத்தையும் குறித்தது. "இன்றைக்குக் கல்லா எவ்வளவு?" என்று நாம் கேட்பதும் பெட்டியை அல்லவே!

மற்றொரு கேஷ் சிறு நாணயம். அதுதான் நம் காசு. போர்த்துக்கீசியர் வழியாக ஆங்கிலத்தில் சேர்ந்தது. அன்றைய சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். கிழக்கிந்தியக் கம்பெனி 1808-இல் 10 கேஷ், 20 கேஷ் செப்பு நாணயங்களை அச்சிட்டது. நடுவில் துளையிட்ட சீன நாணயத்தையும் ஆங்கிலேயர் கேஷ் என்றே அழைத்தனர். நம் 'கடை' மலாயில் 'கெடாய்' ஆனதும், 'முதல்' 'மோடல்' ஆனதும் இப்படி வியாபாரத்தோடு போய்த்தான்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் எங்கள் நன்னா கடை வைத்திருந்த காலத்தில், கேஷைச் சம்பள நாளில்தான் பார்க்கலாம். மற்ற நாளெல்லாம் '555' நோட்டுதான். பால்மரம் வெட்டுகிறவர் அரிசி, பருப்பு வாங்குவார், நன்னா எழுதிக்கொள்வார். கடனை எழுதி வைக்கச் சொல்வது நம் மார்க்கம். தோட்டம் கைமாறி, மக்கள் ஊர் ஊராகப் பிரிந்தபோது பல கணக்குகள் தீராமலே நின்றன. நன்னா யாரையும் தேடிப்போய்க் கேட்கவில்லை. "அவர்கள் வாங்கித்தான் நாம் கடைக்காரர் ஆனோம்" என்பார்.

இன்று அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளில் சிலர் பஸ் செலவுக்கு வழியில்லாமல் படிப்பை நிறுத்துகிறார்கள். நம் சங்கத்தின் கல்வி உதவி உறுப்பினர் வீட்டோடு நிற்கக்கூடாது. எந்த மதத்துப் பிள்ளையானாலும், பழைய தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் அதில் ஒரு பங்கு வேண்டும். பொன்விழா ஆண்டிலேயே நிர்வாகக் குழு இதை முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதல் தொகையாக 500 வெள்ளி என் கல்லாவிலிருந்து வரும்.