தாடை மூட்டு நோவு



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். இவ்வாண்டு செயலாளர் அவர்கள் தாடை நோவைப் பற்றிப் பேசுமாறு எங்களைப் பணித்தார்கள். கொல்கத்தாவின் இக்குடியிருப்பில் இந்நோவுடையோர் நாங்கள் நால்வர்; அவருள் மூவர் பெண்டிர். சென்ற பொங்கலன்று கரும்புத் துண்டு கைமாறி வந்தபோது நால்வரும் வேண்டாமென்று தலையசைத்தோம். அப்போதுதான் ஒருவரையொருவர் அறிந்தோம். அதுவரை அவரவர் வீட்டில் அவரவர் தனியே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம். பல்லைக் கடிப்பதே இந்நோவை வளர்ப்பது என்பது வேறு செய்தி!

காதுக்குச் சற்று முன்னே விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் ஓர் உருண்டை நகரும். கீழ்த்தாடை மண்டையோட்டோடு கூடும் மூட்டு அதுவே. கதவுக் கீல்போல் திரும்புவதோடு நில்லாமல் முன்னும் பின்னும் சறுக்கவும் செய்கிறது. இடையே மெத்தைபோல் ஒரு நார்த்தட்டு கிடக்கிறது. ஒரு முழங்கால் நொந்தால் மற்றொரு காலை ஊன்றி நடக்கலாம். இங்கோ இரு மூட்டும் ஒரே எலும்பின் இரு முனைகள். ஒன்று அசைந்தால் மற்றதும் அசைந்தே தீரும். உண்பதும் பேசுவதும் கொட்டாவி விடுவதும் குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுவதும் இவற்றின் பணியே.

இந்நோவு தன் இருப்பிடத்தை மறைத்துக்கொள்ளும் இயல்புடையது. காதிலே குடைச்சல், நெற்றிப் பொட்டிலே தெறிப்பு, கடைவாய்ப் பல்லிலே கடுப்பு என்று வேற்றிடங்களில் தோன்றும். ஆதலால் காதில் எண்ணெய் விடுகிறோம்; பல்லில் கிராம்புத் தைலம் வைக்கிறோம். அமெரிக்காவில் ஜேம்ஸ் காஸ்டன் என்னும் காது மருத்துவர், காது நோவென்று வந்தோருள் சிலருக்குக் குறை தாடை மூட்டில் உள்ளதென்று 1934-இல் எழுதினார். அவர் கூறிய காரணங்கள் பிற்கால ஆராய்ச்சியில் நிலைபெறவில்லை. ஆயினும் இரண்டையும் இணைத்து நோக்கிய பார்வை கூரியது. அதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்குப் பின்னரும் எங்களுள் ஒருவருக்கு நல்ல கடைவாய்ப் பல் ஒன்று பிடுங்கப்பட்டது. பல் போயிற்று, நோவு போகவில்லை.

மொழி வழியாகவும் ஒரு துன்பம் உண்டு. தமிழில் குத்தல், குடைச்சல், கடுப்பு, இழுப்பு, எரிச்சல் என்று நோவுக்கு எத்தனை சொற்கள்! மருத்துவர்முன் அமர்ந்தால் எங்களுக்கு வாய்ப்பது ‘ப்யதா’ என்னும் ஒரே வங்கச் சொல். எங்கே, எப்போது, எதனால் மிகும் என்பவற்றைக் கேட்டே இந்நோவை அறிய வேண்டும்; பல வேளைகளில் எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் தெரிவதில்லை. படத்தில் ஒன்றுமில்லை என்றவுடன் வீட்டார் முகத்தில் ஓர் ஐயம் படர்கிறதே, அது நோவினும் கொடிது.

மருத்துவத்துக்கு வருவோம். வலியில்லாமல் ‘டக்’கென்று ஒலி மட்டும் கேட்பின் பெரும்பாலும் மருந்து வேண்டுவதில்லை. வலியுடையோர்க்கும் பெரும்பாலும் எளிய முறைகளே போதும். சில வாரங்கள் மெல்லிய உணவு, வெந்நீர் ஒத்தடம், கற்றுக்கொடுத்தபடி தாடைப் பயிற்சி. முறுக்கும் சீடையும் சிறிது காலம் விருந்தினர்க்கே ஆகுக. உதடுகள் மூடியிருக்க, மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாதிருத்தலே தாடையின் ஓய்வு நிலை. அடுப்படியிலும் அலுவலகத்திலும் கவலையால் பற்களை இறுக்கி வைத்திருக்கிறோம் என்பதை இதைக் கேட்ட பிறகே உணர்ந்தோம். 2023-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த வழிகாட்டு நெறியும், நாட்பட்ட நோவுக்குப் பயிற்சி, தசை நீவுதல், மனப்பயிற்சி ஆகியவற்றையே முன்வைக்கிறது. மூட்டின் தட்டை அறுத்து நீக்குவதை வேண்டாமென்கிறது.

திரும்பப் பெற இயலாத எதற்கும் விரைந்து இசைய வேண்டா என்பதே எங்கள் நால்வரின் ஒருமித்த கருத்து. 1980-களில் அமெரிக்காவில் பலருக்கு நார்த்தட்டை நீக்கிவிட்டு டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டைப் பொருத்தினர். அது தேய்ந்து சிதைந்து எலும்பையும் அரித்தது. 1990-91-இல் அந்நாட்டு அரசு தலையிட்டுத் தடுக்க நேர்ந்தது. அறுவை அறவே கூடாதென்பதன்று. அது வேண்டியவர் மிகச் சிலரே.

தாடை நோவெல்லாம் இம்மூட்டின் நோவன்று. நடக்கும்போதோ மாடிப்படி ஏறும்போதோ தாடையில் வலி கண்டு, நின்றால் தணியுமாயின் அது நெஞ்சின் எச்சரிக்கையாகலாம். அன்றே மருத்துவரிடம் செல்க. பாக்கு மெல்லுவோர்க்கு வாய் திறப்பு நாளுக்குநாள் குறுகி, காரம் பட்டால் எரியுமாயின், அது உள்வாய்த் தோல் இறுகும் நோய். புற்றாக மாறக் கூடியது. வெற்றிலை மணக்கும் இந்நகரில் இதனை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. தம் கையின் மூன்று விரல்கள் நெடுக்காக வாயில் நுழையாவிடில் உடனே காட்டுதல் வேண்டும்.

காட்டுவதற்கு நம் நகரிலேயே இடமுண்டு. டாக்டர் ஆர். அகமது 1920-இல் இங்கே தொடங்கிய பல் மருத்துவக் கல்லூரி இந்தியாவிலேயே முதலாவது. அவர் அதனை 1949-இல் மாநில அரசுக்கு அளித்துவிட்டார்; இன்று அவர் பெயராலேயே விளங்குகிறது. மொழி அஞ்சித் தயங்குவோர் எங்கள் நால்வருள் எவர் வீட்டுக்கேனும் முதல் நாள் மாலை சொல்லியனுப்பினால் போதும். வங்கம் ஓரளவு பேசுவோர் இருவர் இருக்கிறோம், உடன் வருகிறோம்.