கடைமடைக்கும் தண்ணீர் போகட்டும்

(பொதுக்காலம் 25-ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. முதல் வாசகம்: ஆமோஸ் 8:4-7. வானொலியில் ஆற்றிய மறையுரை)



வீரசோழன் பக்கம் புரட்டாசி பிறந்துவிட்டால் எல்லாருடைய கண்ணும் வானத்தின் மேல்தான். ஐப்பசியிலாவது மழை இறங்குமா, கண்மாய் பெருகுமா என்ற கவலை. அப்படியொரு நாளில், திருப்பலி முடிந்ததும் மூதாட்டி ஒருவர் நம்மிடம் கேட்டார்: "சாமி, மழை இல்லாமப் போறதுக்கு நாங்க என்ன பாவம் செஞ்சோம்? ஆண்டவர் எங்களத் தண்டிக்கிறாரா?"

அந்தக் கேள்வியோடுதான் இன்று ஆமோசிடம் போகிறோம்.

ஆமோஸ் நம்மைப் போல வறண்ட பூமிக்காரர். யூதேயப் பாலைநிலத்தின் ஓரத்தில் உள்ள தெக்கோவா அவர் ஊர். ஆடு மேய்த்தவர், அத்திமரம் பார்த்தவர். கி.மு. 750-ஐ ஒட்டி, எரொபவாம் அரசன் காலத்தில், வடநாட்டுப் பெத்தேலுக்குப் போய் இறைவாக்கு உரைத்தார். நாடு அப்போது செழிப்பாக இருந்தது. பலிகளுக்கும் பாடல்களுக்கும் குறைவில்லை. ஆனால் ஓய்வுநாள் எப்போது முடியும், கடையைத் திறக்கலாம் என்று வணிகர்கள் காத்திருந்தார்கள். மரக்காலைச் சிறிதாக்கினார்கள், தராசில் கள்ளம் செய்தார்கள், ஒரு சோடி செருப்புக்காக ஏழையை விலைக்கு வாங்கினார்கள்.

"கடவுள் நம்மோடு உடன்படிக்கை செய்தவர், நமக்கு ஒன்றும் வராது" என்று அவர்கள் நினைத்தார்கள். ஆமோஸ் அதைத் தலைகீழாகப் புரட்டுகிறார். உங்களைத் தம் சொந்தமாக அறிந்தவர் என்பதாலேயே ஆண்டவர் உங்களிடம் கணக்குக் கேட்கிறார் என்கிறார் (3:2). ஊரார் பிள்ளை தவறினால் பேசாமல் போய்விடுகிறோம். நம் பிள்ளை தவறினால் விடுவோமா? தீர்ப்பு என்பது உடன்படிக்கையின் முறிவு அல்ல. ஆண்டவர் அதை இன்னும் கைவிடவில்லை என்பதன் அடையாளம். இஸ்ரயேல் கேட்கவில்லை. கி.மு. 722-ஐ ஒட்டி சமாரியா அசீரியரிடம் வீழ்ந்தது. ஆனாலும் ஆமோஸ் நூல் அழிவோடு முடியவில்லை. விழுந்த கூடாரத்தை மீண்டும் எழுப்பும் வாக்குறுதியோடு முடிகிறது.

அப்படியானால் மழை இல்லாதது தண்டனையா? மழை பொய்த்ததைச் சொல்லி, திரும்பி வர மக்களை ஆமோஸ் அழைத்தது உண்மை (4:7). ஆனால் வானகத் தந்தை நேர்மையாளர்மேலும் நேர்மையற்றோர்மேலும் மழை பெய்யச் செய்கிறார் என்று நம் ஆண்டவர் இயேசு சொல்லிவிட்டார். ஆகவே மழையை வைத்து யாருடைய பாவத்தையும் நாம் அளக்க வேண்டாம். பெய்த மழையை என்ன செய்தோம் என்பதே நம்மிடம் கேட்கப்படும் கணக்கு.

அந்த மூதாட்டிக்குக் கடைமடையில் ஒரு குறுக்கம் நிலம். கண்மாய் பெருகிய ஆண்டிலும் அவருடைய பயிர் கருகியது. மேல்மடையில் இரவோடு இரவாக வாய்க்காலை அடைத்துத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார்கள். அடைத்தவர்களும் நம்மோடு முழந்தாளிட்டுச் செபிக்கிறவர்கள்தான். இன்னார் என்று சொல்ல வரவில்லை. அது நமக்குத் தெரிந்திருந்தும், சண்டை வருமே என்று பீடத்தில் நின்று ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்துவிட்டோம். ஆமோசின் தீர்ப்பு முதலில் நம்மேல்தான் விழுகிறது. தவறு செய்யாதவரே "என்ன பாவம் செஞ்சோம்" என்று கேட்டார். கேட்டிருக்க வேண்டிய நாம் கேட்கவில்லை.

நீதி தண்ணீரைப் போலவும் வற்றாத ஓடையைப் போலவும் ஓடட்டும் என்று ஆமோஸ் வேண்டினார் (5:24). மழைக்கு ஓடி வெயிலுக்குக் காயும் ஓடைகளைப் பார்த்து வளர்ந்தவர் அவர். குண்டாற்றைப் பார்த்து வளர்ந்த நமக்கு, வற்றாத ஓடை எவ்வளவு பெரிய ஆசை என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நம் முன்னோர் குடிமராமத்து என்ற முறை வைத்திருந்தார்கள். மழைக்கு முன்னே ஊரே மண்வெட்டியோடு இறங்கிக் கரையையும் வரத்துக்காலையும் சீர்செய்தது. 2017-இல் அரசும் அந்தப் பெயரிலேயே திட்டம் தொடங்கியது. திட்டம் தூர் வாரலாம். கடைமடைக்காரருக்குத் தண்ணீர் விடும் மனத்தை நாம்தான் கொண்டுவர வேண்டும். ஆலயத்துக்கு வருகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர், கோயிலுக்குப் போகிறவர் எல்லாருக்கும் கண்மாய் ஒன்றுதான்.

புதிய உடன்படிக்கையின் கிண்ணத்தை ஒவ்வொரு திருப்பலியிலும் உயர்த்துகிறோம். அது எல்லாருக்காகவும் சிந்தப்பட்ட இரத்தம். அதற்கு "ஆமென்" சொல்கிறவர் வாய்க்காலை அடைக்கலாமா? ஐப்பசி மழைக்கு முன் அடைத்ததைத் திறப்போம்; பறித்ததைத் திருப்பிக் கொடுப்போம்; பேசாமல் இருந்தவர்கள் பேசுவோம். அதன்பின் மழைக்காகக் கைகூப்புவோம்.

இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.