பூனைக்கு ஓர் இடம், ஒரு நேரம், ஒரு பொறுப்பாளர்

(நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



நிகழ்ச்சி நிரலில் லிஃப்ட் பழுதுக்கு ஐந்து நிமிடம், தண்ணீர் மோட்டாருக்கு ஐந்து நிமிடம், பூனைக்குப் பத்து நிமிடம் என்று போட்டிருக்கிறார்கள். சிரிக்கிறீர்கள். ஆனால் நம் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நான்கு பேர் வெளியேறியது லிஃப்ட்டினால் அல்ல. பத்து வருஷமாக ஒருவர் வீட்டுக் கொழுக்கட்டையை இன்னொருவர் சாப்பிட்ட இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்தியது மோட்டாரினால் அல்ல. அதனால் பத்து நிமிடம் நியாயம்தான்.

முதலில் புகார் சொல்பவர்கள் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏ பிளாக் தரைத்தளத்தில் ஒரு குழந்தைக்குப் பூனை நகம் பட்டு ரத்தம் வந்துவிட்டது. முதல் ஊசி போட்ட நாள், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாட்கள் என்று நான்கு முறை அந்தத் தாய் வேலைக்கு லீவு போட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்வந்தார். "பூனைதானே" என்று யாரோ குழுவில் எழுதினார்கள். அந்த வார்த்தை அவரை நகத்தைவிட அதிகமாகக் கீறிவிட்டது. பூனைக்கும் ரேபிஸ் வரும், பூனையிடமிருந்தும் மனிதனுக்கு வரும். அவர் செய்ததுதான் சரி. பூனை கடித்தாலோ கீறினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

குழந்தைகள் விளையாடும் மணலில் பூனை அசிங்கம், மொட்டை மாடியில் காயப்போட்ட வடாத்தில் கால் தடம், பைக் சீட் கிழிசல், ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அழுவதுபோல் சத்தம். இவையெல்லாம் கற்பனை அல்ல. சொல்பவர்கள் கல்நெஞ்சக்காரர்களும் அல்ல.

சோறு வைப்பவர்கள் பக்கமும் இருக்கிறது. தனியாக இருக்கும் ஓர் அம்மா. பிள்ளைகள் வெளிநாட்டில். காலையில் அவர் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டு நான்கு ஜீவன்கள் வந்து நிற்கின்றன. அதுதான் அவருக்கு அன்றைக்கு முதல் பேச்சுத் துணை. பின்பக்கத்து வயலிலிருந்து எலி வந்து கார் ஒயரைக் கடித்த காலத்தையும் அவர் நினைவுபடுத்துகிறார். அதிலும் உண்மை உண்டு.

இனி என் பக்கத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சைப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

போன ஆடி மாதம், புகார் அதிகமானபோது, ஓர் ஆள் வந்து பூனைகளைப் பிடித்துக்கொண்டு போனார். ஒன்பது பூனைகள். கோணிப்பையில் கட்டி ஆட்டோவில் ஏற்றி, கடற்கரைப் பக்கம் மீன் இறங்கும் இடத்தில் விட்டுவிடுவதாகச் சொன்னார். கூலி ரூ.600. வவுச்சரில் "பூனை அப்புறப்படுத்திய வகையில்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். அப்போது நான்தான் பொருளாளர். வங்கியில் இருந்த காலமெல்லாம் வவுச்சர் பாஸ் செய்தவன். தொகை சரி, தேதி சரி என்று பார்த்தேன். அதற்குமேல் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. கண் திறந்து சில நாட்களே ஆன மூன்று குட்டிகள். தாய் கோணிப்பையில் போய்விட்டது. பஞ்சை நனைத்துப் பால் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு செத்துப் போயின. ஒன்று பி பிளாக்கில் ஒரு வீட்டில் வளர்கிறது. நான் சொன்ன அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. படிக்கட்டில் எதிரே வந்தால் ஒதுங்கி நின்று வழிவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

சரி, பூனைத் தொல்லையாவது தீர்ந்ததா? தீபாவளிக்குள் ஆறு புதுப் பூனைகள். பொங்கலுக்குப் பதினொன்று. ஒன்பதை அனுப்பிவிட்டுப் பதினொன்றை வாங்கியிருக்கிறோம். இது ஏன் என்று பிறகுதான் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஓர் இடத்தில் சாப்பாடும் ஒதுங்க இடமும் இருக்கும்வரை, இருந்த பூனையை எடுத்தால் பக்கத்துப் பூனை வரும். நம் குப்பைத் தொட்டிக்கு மூடி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மீன் கழிவு பாலிதீன் பையில் வாசலிலேயே கிடக்கிறது. பெண் பூனை ஐந்தாறு மாதத்திலேயே குட்டி போடும் பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் ஏறக்குறைய இரண்டு மாதம்தான். ஓர் ஈற்றுக்கு மூன்று முதல் ஐந்து குட்டிகள். வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈற்று. வரவை நிறுத்தாமல் செலவை மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் எந்தக் கணக்கு நேராகும்?

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பிறகுதான் படித்தேன். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, பசி தாகத்தால் துன்பப்படும் நிலையில் ஒரு பிராணியைத் தக்க காரணமில்லாமல் கைவிடுவது குற்றம். முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரைதான். அறுபது வருஷத்துக்கு முந்தைய தொகை, அப்படியே இருக்கிறது. ஆனால் விஷம் வைப்பது வேறு கணக்கு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில், பிராணியைக் கொல்வது, விஷம் வைப்பது, ஊனமாக்குவது ஆகியவற்றுக்கு ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. "எலி மருந்து வைத்தால் முடிந்தது" என்று குழுவில் ஒருவர் கோபத்தில் எழுதியிருந்தார். கோபத்தில் எழுதியது என்று விட்டுவிடுவோம். ஆனால் அந்த மருந்து இருக்கும் இடத்தில்தான் நம் பேரப்பிள்ளைகளும் விளையாடுகிறார்கள்.

பிறகு என்னதான் வழி? அதற்கு வெகுதூரம் போக வேண்டாம். நம் மொட்டை மாடியில் ஏறினால் தெரிகிற மலையே போதும்.

என் வயதுக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். வேதகிரீஸ்வரர் மலையில் நண்பகலையொட்டி இரண்டு கழுகுகள் வரும். வெள்ளை உடம்பு, மஞ்சள் முகம். காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போய்வரும் வழியில் இங்கே இறங்குகின்றன என்று பெரியவர்கள் சொல்வார்கள். சர்க்கரைப் பொங்கலோடு அதற்கென்று உள்ளவர் பாறையில் உட்கார்ந்திருப்பார். கூட்டம் தள்ளி நிற்கும். பறவைகள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும். அதனால்தான் நம் ஊருக்குப் பட்சி தீர்த்தம் என்றும் பெயர். இப்போது பல வருஷங்களாக அவை வருவதில்லை. ஆனால் அந்த முறையை யோசித்துப் பாருங்கள். இடம் ஒன்று. நேரம் ஒன்று. வைப்பவர் ஒருவர். படி ஏறி வந்த ஆளெல்லாம் ஆளுக்கொரு கை பொங்கலை எடுத்து வழியெல்லாம் இறைக்கவில்லை. இரக்கம் இருந்தது, அதற்கு ஓர் ஒழுங்கும் இருந்தது. பறவைக்குச் சோறு வைத்ததனால் பெயர் பெற்ற ஊரில் இருந்துகொண்டு, பூனைக்கு எங்கே சோறு வைப்பது என்று நாம் சண்டை போடுகிறோம்.

மத்திய அரசு 2023 மார்ச்சில் வெளியிட்ட பிராணிகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளைப் படித்தபோது எனக்கு அந்த மலைதான் ஞாபகம் வந்தது. விதிகளில் பெரும்பகுதி நாய்களைப் பற்றியது. ஆனால் 20ஆம் விதி, யாருக்கும் சொந்தமில்லாமல் ஒரு பகுதியில் பிறந்து வாழும் பிராணிகளுக்கு உணவளிப்பது பற்றிப் பேசுகிறது. சோறு வைக்க விரும்பும் குடியிருப்பாளரையும் சேர்த்துக்கொண்டு ஏற்பாடு செய்யும் பொறுப்பு குடியிருப்போர் சங்கத்துடையது. இடத்தை இரு தரப்பும் பேசி முடிவு செய்ய வேண்டும். குழந்தைகள் விளையாடும் இடம், வாசல், படிக்கட்டு ஆகியவற்றிலிருந்து அது தள்ளி இருக்க வேண்டும். குழந்தைகளும் முதியவர்களும் நடமாடாத நேரம் பார்த்து வைக்க வேண்டும். வைப்பவர் அந்த இடத்தைக் குப்பையாக்கக் கூடாது. பேசித் தீராவிட்டால் கால்நடைத் துறை, காவல்துறை, விலங்கு நல அமைப்பு, சங்கம், புகார்தாரர் ஆகியோர் அடங்கிய குழு முடிவு செய்யும். ஆக, "சோறே வைக்கக் கூடாது" என்று சங்கம் சொல்ல முடியாது. "என் இஷ்டப்படி எங்கே வேண்டுமானாலும் வைப்பேன்" என்று வைப்பவரும் சொல்ல முடியாது.

நம்மில் சிலரின் பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். அங்கே பெரும்பாலான மக்கள் அரசு கட்டிக்கொடுத்த அடுக்குமாடி வீடுகளில்தான் வாழ்கிறார்கள். அந்த வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் தடை. தடை இருந்ததே தவிர, பூனை இல்லாமல் போகவில்லை. ஒளித்து வளர்த்தார்கள், பக்கத்து வீட்டார் புகார் செய்தார்கள். முப்பத்தைந்து வருஷம் கழித்து, 2024 செப்டம்பர் 1 முதல் முறையை மாற்றிவிட்டார்கள். வீட்டுக்கு இரண்டு பூனை வரை வளர்க்கலாம். உரிமம் எடுக்க வேண்டும், அடையாளச் சில்லு பொருத்த வேண்டும், பூனை வெளியே அலையாதபடி ஜன்னலுக்கு வலை போட வேண்டும். சட்டத்துக்குப் பெயர் போன ஊரே தடையை விட்டு ஒழுங்குக்கு வந்திருக்கிறது. நம் சென்னையிலும் இதே கதைதான். தெருநாய்களைக் கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யலாம் என்று புளூ கிராஸ் அமைப்பு 1960களிலேயே சொன்னது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1996 ஆயிற்று. நமக்கு அத்தனை வருஷம் ஆக வேண்டாம்.

செயற்குழுவின் சார்பில் ஐந்து யோசனைகள் வைக்கிறேன்.

முதலாவது, இடமும் நேரமும். பின்பக்கச் சுவரோரம், ஜெனரேட்டர் அறையைத் தாண்டி, ஒரே இடம். காலை ஆறு மணிக்கு முன், இரவு ஒன்பதுக்குப் பின். அரை மணி கழித்துத் தட்டை எடுத்துக் கழுவிவிட வேண்டும். மாடி, படிக்கட்டு, கார் நிறுத்துமிடம் எங்கும் வைக்கக் கூடாது. சோறு வைப்பவர்கள் தங்கள் பெயரைச் சங்கத்தில் பதிந்துகொள்ளட்டும். இன்னொன்று: வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் ஒத்துக்கொள்ளாது, வயிற்றோட்டம் வரும். அந்த அசிங்கம்தான் நம் மணலில் கிடக்கிறது. பாலுக்குப் பதில் தண்ணீர் வையுங்கள்.

இரண்டாவது, கருத்தடை. பதினொன்றில் ஏழு பெண் பூனைகள் என்று எண்ணியிருக்கிறோம். முதலில் அவை, பிறகு ஆண் பூனைகள். அறுவைக்குப் பின் காது நுனியில் சிறு அடையாளம் வெட்டி, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். ராத்திரிச் சத்தமும் மூத்திர நாற்றமும் பெரும்பாலும் இனச்சேர்க்கைக் காலத்துச் சங்கதி. கருத்தடை செய்தால் அவையும் குறையும். அதோடு வருஷா வருஷம் ரேபிஸ் தடுப்பூசி.

மூன்றாவது, குப்பை. தொட்டிக்கு மூடி போடுவது சங்கத்தின் வேலை. மீன் கழிவை வண்டி வரும் நேரத்தில் மட்டும் கீழே கொண்டுவருவது வீட்டின் வேலை. இது சோறு வைக்காத வீடுகளுக்கும் பொருந்தும்.

நான்காவது, விளையாட்டு மணலுக்குத் தார்ப்பாய். மாலையில் குழந்தைகள் போனதும் காவலாளி மூடிவிடுவார்.

ஐந்தாவது, கண்டபடி மருந்து கொடுக்காதீர்கள். மனிதர் சாப்பிடும் பாரசிட்டமால் பூனைக்கு விஷம். நல்ல எண்ணத்தில் கொடுத்தாலும் உயிர் போய்விடும்.

செலவு யார் தலையில் என்று கேட்பீர்கள். பராமரிப்புத் தொகையிலிருந்து ஒரு பைசா எடுக்கப் போவதில்லை. தனிக் கணக்கு, விருப்பப்பட்டவர்கள் போடலாம், வரவு செலவு மாதா மாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். பூனை பிடிக்காதவர்களும் இதில் போடலாம். சொல்லப்போனால் எண்ணிக்கை குறைய வேண்டும் என்று விரும்புகிறவர்கள்தான் முதலில் போட வேண்டும்.

அந்த ரூ.600ஐ நேற்று என் கையிலிருந்து சங்கத்துக்குத் திருப்பிக் கட்டிவிட்டேன். தனியாக இன்னொரு ரூ.600 இந்தப் புதுக் கணக்கில் முதல் வரவாகப் போட்டிருக்கிறேன். செத்துப்போன இரண்டு குட்டிகளை எந்த வரவும் ஈடு செய்யாது, அது எனக்குத் தெரியும். அந்த அம்மாவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். பூனையைப் பற்றி எதுவும் பேசவில்லை. கிளம்பும்போது, "காலையில் ஆறு மணிக்கு முன்னாடி என்றால் எனக்குச் சௌகரியம்தான் தம்பி" என்றார். அந்த நேரம் யோசனையில் வந்தது அப்படித்தான்.

ஊசிக்கு நான்கு முறை அலைந்த அந்தத் தாயும் இங்கே வந்திருக்கிறார். மணலுக்குத் தார்ப்பாய் என்பது அவர் சொன்னது. இருவரும் இன்னும் ஒருவரோடொருவர் பேசவில்லை. ஆனால் இருவர் சொன்னதும் ஒரே தாளில் இருக்கிறது. அந்தத் தாளை இப்போது வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவரைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.