பட்டியலில் நம் பெயர் இருக்கிறதா?

(2025 டிசம்பர் 26 ஜும்ஆ தொழுகைக்குப் பின் அறக்கட்டளை மண்டபத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





இந்த மண்டபத்தில் வழக்கமாகக் கல்வி உதவித்தொகை, மருத்துவ உதவி, ஜகாத் கணக்கு பற்றித்தான் பேசுவோம். இன்று வாக்காளர் பட்டியல் பற்றிப் பேசுகிறோம். யாருக்கு ஓட்டுப் போடுவது என்பது இந்தப் பேச்சில் வராது. அதை அறக்கட்டளை இதுவரை சொன்னதில்லை, இனியும் சொல்லாது. அது உங்களுக்கும் உங்கள் மனசாட்சிக்கும் உள்ள விஷயம். ஓட்டுப் போடும் உரிமை கையை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே நம் பேச்சு.

சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின், டிசம்பர் 19 அன்று தமிழ்நாட்டின் வரைவுப் பட்டியல் வெளியானது. சுமார் 97 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள், இரண்டு இடத்தில் பதிவானவர்கள் என்று காரணம் சொல்லப்பட்டிருக்கிறது. மவ்த்தானவர் பெயர் நீங்குவது சரிதான். அதோடு சேர்ந்து உயிரோடு இருப்பவர் பெயரும் போயிருந்தால், அதை அவரவர் பார்த்துச் சொன்னால்தான் தெரியும்.

இந்த இடத்தில் நம் குறை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நவம்பரில் பள்ளிவாசல் வாசலில் உதவி மேசை போட்டு, அஸர் முதல் இஷா வரை கணக்கெடுப்புப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தோம். நல்ல வேலை செய்துவிட்டதாக நினைத்தோம். வரைவுப் பட்டியல் வந்த பிறகு நம் இளைஞர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஒத்துப் பார்த்தார்கள். விடுபட்டவர்களில் அதிகம் பேர் பெண்கள். பள்ளிவாசல் வாசலில் மேசை போட்டால் ஆண்கள்தானே வருவார்கள்? இது நமக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

வேறு ஊரிலிருந்து மருமகளாக வந்தவர்களுக்குப் பிறந்த ஊரில் பெயர் நீக்கப்பட்டுவிட்டது; இங்கே பதிவே இல்லை. நம் தெருவில் ஒரு மூதாட்டி, அலுவலர் வந்த நாட்களில் மகள் வீட்டில் இருந்திருக்கிறார். "அட்டை பத்திரமா பீரோவுல இருக்கு தம்பி" என்று எடுத்துக் காட்டினார். அட்டை இருக்கிறது, பட்டியலில் பெயர் இல்லை. அட்டை ஆளை அடையாளம் காட்டத்தான். பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஓட்டு. ஒரு தேர்தலைக்கூட விடாதவர் அவர். "அப்ப நான் இந்த ஊர்க்காரி இல்லையா?" என்று கேட்டபோது நம்மால் பதில் சொல்ல முடியவில்லை.

எந்தக் கட்சியையும் சாராமல் இந்த வேலையைச் செய்பவர்கள் நாட்டில் இருக்கிறார்கள். அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் சிலர் 1999இல் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கினார்கள். வேட்பாளரின் குற்ற வழக்கு, சொத்து, படிப்பு விவரங்களை இன்று நாம் படிக்க முடிகிறது என்றால், அவர்கள் தொடுத்த வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புதான் காரணம். 'நோட்டா' பொத்தான் வந்தது மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் வழக்கில், 2013இல். 2025இல் பீகாரில் சுமார் 65 லட்சம் பெயர்கள் வரைவுப் பட்டியலில் இல்லாமல் போனபோது, இந்த அமைப்புகளும் நீதிமன்றத்தில் நின்றன. விடுபட்டவர்களின் பெயர்களைக் காரணத்தோடு வெளியிட வேண்டும் என்று ஆகஸ்ட் 14 அன்று உத்தரவு வந்தது. இன்று நம் ஊரிலும் நீக்கப்பட்டவர் பட்டியலைக் காரணத்தோடு பார்க்க முடிகிறது.

நம் சமுதாயத்திலும் முன்மாதிரி உண்டு. சச்சார் குழுவின் உறுப்பினர் செயலராக இருந்த பொருளாதார அறிஞர் அபுசாலிஹ் ஷரீஃபின் குழுவினர், 2018 கர்நாடகத் தேர்தலுக்கு முன் அம்மாநிலப் பட்டியலை ஆராய்ந்தார்கள். ஒரே ஒரு வாக்காளர் மட்டும் பதிவான முஸ்லிம் வீடுகள் ஏராளமாக இருப்பதைக் கண்டார்கள். கோபப்பட்டுப் பேசுவதோடு நிற்காமல், விடுபட்டவர்களைத் தேடிச் சேர்க்கச் செல்போன் செயலியும் வந்தது. கணக்கெடுத்து, படிவம் நிரப்பி, பின்தொடர்ந்து முடிப்பதுதான் இதில் பலன் தரும் வழி.

இனி நாம் செய்ய வேண்டியவை. 2026 ஜனவரி 18 வரை உரிமை கோரலாம், ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. பெயர் விடுபட்டவர்களும், வரும் ஜனவரி 1 அன்று 18 வயது நிறைகிறவர்களும் படிவம் 6ஐ உறுதிமொழிப் படிவத்தோடு கொடுக்க வேண்டும். பெயர், உறவுமுறை, முகவரியில் பிழை இருந்தால் படிவம் 8. பீவி, பீபி, பேகம் என்று ஆதாரில் ஒன்றும் பட்டியலில் ஒன்றுமாக இருந்தால் இப்போதே சரிசெய்து கொள்ளுங்கள். ஒரு பெயரை நீக்கக் கோருவது படிவம் 7. உங்கள் பெயரை நீக்க யாரேனும் கோரி நோட்டீஸ் வந்தால் பயந்து ஒதுங்காமல் விசாரணைக்குப் போங்கள். உங்கள் தரப்பைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்பது சட்டம். முடிவு பாதகமாக வந்தால் 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்காக ஒரு செய்தி. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காதவர்கள், பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரியில் படிவம் 6ஏ மூலம் பெயர் சேர்க்கலாம். ஓட்டுப் போட நேரில் வர வேண்டும். அசல் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஒருவருக்கு ஒரே இடத்தில்தான் பதிவு. தெரிந்தே பொய் உறுதிமொழி தந்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. நம் மேசையில் அப்படி ஒரு படிவமும் நிரப்பப்படாது.

தாய்மார்களே, பர்தா அணிகிறோம், வாக்குச்சாவடியில் முகம் காட்டச் சொல்வார்களே என்று தயங்க வேண்டாம். அடையாளம் பார்க்கவும் மை வைக்கவும் பெண் அலுவலரைக் கேட்கலாம்.

ஓட்டு ஒரு அமானிதம். ஒரு வகைச் சாட்சியம் என்றும் மார்க்க அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். சாட்சியத்தை மறைக்கக் கூடாது என்று படித்த நாம், சாட்சி சொல்லும் இடத்தையே இழந்துவிடக் கூடாது.

நாளை முதல் மேசை பள்ளிவாசல் வாசலில் இருக்காது. நம் கல்லூரி மாணவிகள் இருவர் இருவராக வீடுகளுக்கு வருவார்கள். அடுத்த தெருவில் இருக்கும் மாற்றுமத அண்டை வீட்டாரிடமும் போவார்கள். விடுபட்ட பெயர் யாருடையதானாலும் இழப்பு ஒன்றுதான். வருகிற பிள்ளைகளிடம் ஆதாரையும் அட்டையையும் எடுத்துக் காட்டுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரையும் பட்டியலில் உங்கள் கண்ணால் பாருங்கள்.

அந்த மூதாட்டியின் படிவத்தை நேற்றே கொடுத்துவிட்டோம். இறுதிப் பட்டியலில் அவர் பெயரைப் பார்த்துவிட்டு, அவர் வீட்டுக்கே போய்ச் சொல்லி வருவோம், இன்ஷா அல்லாஹ்.