முதுமை எய்திய நாயும் மாலை நடையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

இம்மேடையில் நமக்கு முன்பு பேசியவர்கள் தமிழின் தொன்மையைப் பற்றியும் எல்லைப்புறத் தமிழரின் கல்வியைப் பற்றியும் அழகுறப் பேசினர். நாமோ நாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். செயலாளர் தலைப்பைக் கேட்டதும் ஒரு கணம் நம் முகத்தைப் பார்த்தார். பின்பு சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். அவர் சிரிப்பில் பிழையில்லை. ஆயினும் நாய் தமிழனுக்குப் புறம்பான பொருளன்று. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர் உண்டு. அங்கே, மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில், அதாவது ஏழாம் நூற்றாண்டில் நாட்டிய நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளை மீட்கப் போராடி மாண்ட வீரனின் உருவத்துக்கு அருகே அவனுடைய நாயின் உருவமும் பொறிக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் அந்நாய் கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டும் கூறுகிறது. நாய்க்குப் பெயரிட்டு, அப்பெயரைக் கல்லிலும் வெட்டிவைத்தவர்கள் நம் முன்னோர்.

அந்நாய் இளமையில் வீரம் காட்டியது, கல்லும் பெற்றது. கிழப்பருவம் எய்திய நாய்க்குக் கல் நாட்டியவர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை. அதைப் பற்றித்தான் சிறிது சொல்ல விரும்புகிறோம்.

நம் வீட்டு நாயின் பெயர் வீரன். சாதி நாயன்று, சாதாரண ஊர் நாய்தான். பாலக்காடு–பொள்ளாச்சிப் பாதை 1932-இல் மீட்டர் கேஜாகத் திறக்கப்பட்டது. அகலப் பாதையாக்குவதற்காக 2008-இல் மூடப்பட்டது. 2015-இல் மீண்டும் திறக்கப்பட்டது. பாதை திறந்த அந்த நாட்களில், வேலை முடித்துச் சென்ற தொழிலாளர் கொட்டகைக்குப் பின்னால் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டி அது. நம் மகன் சட்டைக்குள் வைத்து எடுத்து வந்தான். இன்று மகன் வெளியூரில் படிக்கிறான். நாய் நம்மிடம் இருக்கிறது. உலக வழக்கம் அதுதானே!

பத்து வயதைக் கடந்தபின் வீரன் கூப்பிட்டால் வருவதில்லை. 'கிழட்டுப் பிடிவாதம்' என்று நாம் எண்ணினோம். இரண்டொரு முறை அதட்டவும் செய்தோம். பிடிவாதமன்று, செவி மங்கிவிட்டது என்பதை அறிந்துகொள்ள ஓர் எஞ்சின் வரவேண்டியிருந்தது.

சென்ற தை மாதத்தில் ஒரு மாலை. பாலக்காட்டுக் கணவாயின் கீழைக்காற்று அந்த மாதத்தில் எப்படி வீசும் என்பதை இக்குடியிருப்பில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டைத் தூக்கும், கொடியில் காயும் வேட்டியைக் கொண்டுபோகும். வீரனை அழைத்துக்கொண்டு தண்டவாளத்தை ஒட்டி ஆனைமலை ரோடு பக்கமாக நடந்தோம். தண்டவாளத்தில் நடப்பது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ உண்டு. பயணிகளுக்கு இதை எடுத்துச் சொல்லும் நாமே நடந்தோம். வண்டிகள் குறைந்த பாதை, அந்நேரத்தில் வண்டி கிடையாது, அட்டவணை நம் விரல்நுனியில் இருக்கிறது என்ற செருக்குத்தான் காரணம்.

அட்டவணையில் இல்லாத தனி எஞ்சின் ஒன்று முதலமடைப் பக்கத்திலிருந்து பின்னால் வந்தது. காற்று எதிரே வீசியதால் ஊதல் ஒலியைப் பின்னுக்கே தள்ளிவிட்டது. எதிரே வந்துகொண்டிருந்த கீமேன் கைக்கொடியை வீசி ஓடி வந்ததைக் கண்டபின்தான் திரும்பிப் பார்த்தோம். நாம் ஒதுங்கிவிட்டோம். வீரனோ இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே எதையோ முகர்ந்துகொண்டு நின்றான். கயிற்றை இழுத்தோம். முதுமையில் கழுத்துச் சதை வற்றியிருந்தது. கழுத்துப் பட்டை தலைவழியே கழன்று நம் கையோடு வந்துவிட்டது. அவன் திரும்ப முயன்றான். பின்னங்கால்கள் ஜல்லியில் சறுக்கின. கீமேன் பாய்ந்து, அவனை முதுகுத் தோலோடு பற்றி இழுத்துச் சரிவில் உருண்டார். எஞ்சின் கடந்தது. நமக்கும் அதற்கும் இடையே நான்கு முழம் இருந்திருக்கலாம்.

அந்த மனிதர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "சாரே, நாய்க்குத்தான் காது போச்சு, உங்களுக்கும் போச்சா?" என்றார். அதற்கு நம்மிடம் விடையில்லை. அவருக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். அன்றிரவு நாம் உண்ணவில்லை.

மறுநாள் வீரனை அரசுக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவரிடம் கேட்டும், பின்னர் படித்தும் அறிந்தவற்றைச் சொல்கிறோம். பெரிய உடல் நாய்களுக்கு ஆறு ஏழு வயதிலேயே முதுமை தொடங்கிவிடுகிறது. சிறிய நாய்களுக்கு ஒன்பது பத்து. கண்மணியில் நீலம் படர்ந்தாற்போலத் தோன்றினால் அது பெரும்பாலும் வயதினால் வில்லை இறுகுவது. பார்வை அவ்வளவாகக் கெடாது. பால்போல் வெளுத்தால் அது கண்புரை. இரண்டையும் பிரித்தறிவது மருத்துவர் வேலை. செவி போன நாயைப் பின்னாலிருந்து திடீரெனத் தொடக்கூடாது, திடுக்கிட்டுக் கடித்துவிடும். தரையைக் காலால் தட்டினால் அதிர்வை உணர்ந்து திரும்பும். கைச் சைகையை எளிதில் கற்றுக்கொள்ளும். கொடி காட்டும் இலாகாவில் வேலை செய்யும் நமக்கு இது முன்பே தோன்றியிருக்கவேண்டும்!

மூட்டு வலியைப் பற்றி அவர் சொன்னதுதான் நம்மை மிகவும் வருத்திற்று. மூட்டு தேய்ந்த நாய் பெரும்பாலும் அழுவதில்லை. படியருகே தயங்கும், நடையில் பின்தங்கும், படுத்த இடத்திலிருந்து இருமுறை முயன்று எழும். அவ்வளவுதான். அதை நாம் சோம்பல் என்று சொல்லிவிடுகிறோம். வலி என்று தெரிந்தாலும், நம் வீட்டு மாத்திரையை உடைத்துக் கொடுப்பது பெருந்தவறு. பாராசிட்டமால் நாயின் ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கும். ஐபுபுரோபன் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைத் தாக்கும். பூனைக்கோ பாராசிட்டமால் ஒரு மாத்திரையே எமன். நாய்க்கென்று வேறு மருந்துகள் இருக்கின்றன.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பாயசத்தில் விழும் உலர்திராட்சையும், குழம்பில் கரையும் வெங்காயமும் பூண்டும், குழந்தைகள் தின்னும் சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். கிழநாய் மிகுதியாகத் தண்ணீர் குடித்து, வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்தால், தண்ணீர்ச் சட்டியை எடுத்து ஒளித்துவைப்பவர்கள் உண்டு. அது சிறுநீரகக் கோளாற்றின் அல்லது நீரிழிவின் அறிகுறியாக இருக்கலாம். தண்ணீரை மறுத்தால் நோய் முற்றும்.

இனி நடை. முதியதாயிற்று என்று நாயைக் கட்டியே போட்டுவிடக்கூடாது; இருக்கும் தசையும் வற்றிவிடும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் நடத்துவதை விட்டு, பத்துப் பதினைந்து நிமிடமாக இருமுறை மும்முறை நடத்தலாம். வேகத்தை நிர்ணயிப்பது நாய், நாம் அன்று. கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்பையும் தோளையும் சுற்றும் வார்ப்பட்டை வாங்கினோம். அது கழலாது, மூச்சுக்குழலையும் நெரிக்காது, படியில் தடுமாறினால் தூக்கிவிடவும் உதவும். கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வது நம்மில் பலருக்கும் பழக்கம். நாய் திடீரென இழுத்தால் விழுவது நாம்தான். நம் வயதில் இடுப்பெலும்பு விளையாட்டுப் பொருளன்று.

மாசி பங்குனி மாதங்களில் இங்கு வெயில் நாற்பது டிகிரியைத் தொடுவது உண்டு. தார்ச்சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை; நாவைத் தொங்கவிட்டு இரைத்தே சூட்டைத் தணிக்கவேண்டும். விடியலும் பொழுது சாய்ந்தபின்னும்தான் நடைக்குரிய நேரம். இரைப்பு அடங்காமல் தள்ளாடினால், நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரை உடலெங்கும் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓடவேண்டும். இருட்டில் போவதானால் ஒரு டார்ச்சு விளக்கு; பாம்புக்கும் அது வேண்டும், சைக்கிள்காரர்களுக்கும் அது வேண்டும்.

தெருநாய்களைப் பற்றிச் சொல்லாமல் நடையைப் பற்றிப் பேசி முடிக்க முடியாது. தளர்ந்த நாயைக் கண்டால் கூட்டமாக வந்து சூழ்ந்துகொள்ளும். ஓடினால் துரத்தும். முறைத்துப் பார்க்காமல், நின்று, மெல்லப் பக்கவாட்டில் விலகவேண்டும். நாம் குடையோடு போகிறோம். சட்டென்று விரித்து இடையே பிடித்தால் அவை தயங்குகின்றன. சண்டை மூண்டுவிட்டால் இரண்டு வாய்களுக்கு நடுவே கையை விடவே கூடாது.

கடி பட்டால் மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதுவும் வேண்டாம். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். வெறிநோயின் குறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். தோன்றும் முன் தடுப்பது முற்றிலும் இயலும். பாஸ்டர் 1885-இல் வழிகாட்டினார். நமக்கு அருகிலேயே குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பெற்றது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பாட்டி பயமுறுத்திய காலம் மலையேறிவிட்டது. இப்போது கையில் நான்கைந்து ஊசிகள்தாம். கடி ஆழமாக இருந்தால் காயத்திலேயே வேறொரு மருந்தும் செலுத்துவார்கள். அதைக் கேட்டுப் பெறவேண்டும். வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுபவர்களும், கிழடானபின் 'இனி எதற்கு' என்று விட்டுவிடுகிறார்கள். வீரனுக்கும் ஓராண்டு அப்படி நின்றுபோயிருந்ததை மருத்துவர்தாம் அட்டையைப் பார்த்துக் கண்டுபிடித்தார்.

ஒன்றைச் சொல்லவே இவ்வளவும் சொன்னோம். நம் இலாகாவில் மாற்றல் உத்தரவு வராத வீடு இல்லை. கட்டில் போகிறது, பீரோ போகிறது, துளசிமாடம்கூடப் போகிறது; கிழநாய் மட்டும் பிளாட்பாரத்தில் நிற்கிறது. அலுவலகச் சாளரத்தின் வழியே இதை நாம் ஒருமுறைக்கு மேல் கண்டிருக்கிறோம். முன்பதிவு செய்து, காவலர் பெட்டியிலுள்ள நாய்க்கூண்டில் நாயைக் கொண்டுபோகலாம். வயதான நாய்க்கு அந்தக் கூண்டின் வெப்பம் ஆகாது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். குளிர்ந்த மாதத்தில், இரவு வண்டியில் கொண்டுபோவது நன்று. கைவிட்டுச் செல்வது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் அதிகமாகப் போனால் ஐம்பது ரூபாய்! ஒரு குடும்பம் ஒருவேளை காப்பி குடிக்கும் செலவு.

2019-இல் சென்னைப் பூங்கா நகர் நிலையத்தில் சின்னப்பொண்ணு என்றொரு நாய் இருந்ததைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். யாரோ கைவிட்டுப் போன அந்நாய், காவலர்களோடு சேர்ந்துகொண்டு, தண்டவாளத்தைக் கடப்போரையும் படிக்கட்டில் தொங்குவோரையும் குரைத்து விரட்டியது. ஜப்பானில் ஹச்சிகோ என்ற நாய், 1925-இல் மாண்டுபோன தன் தலைவரை எதிர்பார்த்து, 1935-இல் தான் மாளும்வரை ஷிபுயா நிலையத்தில் காத்திருந்தது. உயிரோடிருக்கும்போதே 1934-இல் அதற்குச் சிலையும் வைத்தார்கள். பாதுகாத்து வைத்திருந்த அதன் உறுப்புகளை ஆராய்ந்தவர்கள், நுரையீரலிலும் இதயத்திலும் புற்றுநோய் இருந்ததென்று 2011-இல் அறிவித்தார்கள். சிலை வைத்த ஊராருக்கு அந்த நோய் தெரிந்திருக்கவில்லை.

கீமேன் நண்பர் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் பெயரை மேடையில் சொல்லக்கூடாது என்பது அவர் கட்டளை. வீரன் இப்போது தண்டவாளத்துப் பக்கம் வருவதில்லை, நாமும் போவதில்லை. குடியிருப்பின் வேப்பமரம் வரை போகிறோம். அங்கே அவன் உட்கார்ந்துவிடுகிறான். பக்கத்துக் கல்லில் நாமும் உட்கார்ந்துவிடுகிறோம். பொள்ளாச்சி வண்டி கடக்கும்போது நிலம் அதிர்வதை உணர்ந்து தலையைத் தூக்கி நம்மைப் பார்க்கிறான். கையை உயர்த்தி, 'இரு' என்று காட்டுகிறோம். இருக்கிறான்.

அவனுக்கு எட்டு மணிக்கு மாத்திரை கொடுக்கவேண்டும். இப்போது ஏழே முக்கால். விடை கொடுங்கள்.